வாருக்குத் துணி பத்தலை

“அய்யய்யோ! அதை எதுக்கும்மா வெட்டுறே?”

அக்கா போட்ட சத்தத்தில் கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் நகர்ந்தது.

தரையில் விரிந்து கிடந்தது தம்பியின் யூனிஃபார்ம் சட்டை. கை இரண்டும் ஏற்கெனவே தனியாகப் போயிருந்தன. பக்கத்தில் பேன்ட், கால் வேறு இடுப்பு வேறாக.

“பிள்ளையோட புத்தகப்பை கிழிஞ்சு தொங்குது அண்ணி. இது நல்ல கெட்டித் துணி. சட்டை முதுகு பைக்கு முன்பக்கம், பேன்ட் கால் பின்பக்கம். அளவு சரியா வரும்” என்றாள் தம்பி மனைவி, தலையைத் தூக்காமலே.

அக்காவுக்குப் பகீரென்றது.

கண் டாக்டரைப் பார்க்க வந்தவள், தம்பி வீட்டில் நாலு நாளாகத் தங்கியிருந்தாள். தம்பி மனைவி பழைய துணியில் பை, மிதியடி, சூடான பாத்திரம் பிடிக்கிற துணி என்று தைத்து அக்கம்பக்கத்தில் விற்பவள். ஜன்னல் திரை, தலையணை உறை, எதுவும் அவள் கைக்குத் தப்பாது. ‘இந்த வீட்டுல துணியாப் பொறந்தா ஆயுசு கெட்டி இல்லை’ என்று நேற்றுகூட அக்கா சிரித்தாள்.

ஆனால் இது பழசு இல்லையே!

தம்பி ஒரு கம்பெனியில் பஸ் ஓட்டுகிறவன். யூனிஃபார்ம் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். இருப்பதே இரண்டு செட். ஒன்று அவன் உடம்பில் இருக்கிறது. இன்னொன்று இதோ, துண்டு துண்டாக.

“ராத்திரி துவைச்சுப் போட்டது காலைக்குள்ள காயலைன்னா அவன் எதைப் போட்டுக்கிட்டுப் போவான்? யோசிச்சியா நீ?”

தம்பி மனைவி பேன்ட் காலை விரித்து அளவு பார்த்தாள்.

“இப்பவே தைச்சுச் சேர்த்துடு. கையை மறுபடி வெச்சுத் தைக்க முடியாதா?”

“முதுகையும் வெட்டியாச்சு அண்ணி.”

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி இதை எப்படி எடுத்துக்கொள்வானோ? முன்னைப் போல அவன் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். யாராவது கதவைத் தட்டினால் திடுக்கிடுகிறான். கேட்டால், “வேலை ஜாஸ்திக்கா” என்கிறான். நேற்று மகள் ஏதோ கேட்கப்போக, எரிந்து விழுந்தான். பிள்ளை மேல் ஒருநாளும் குரல் உயர்த்தாதவன்!

இதையும் பார்த்தான் என்றால் வீடு இரண்டாகிவிடும்.

முன்கூட்டியே சொல்லி வைப்போம் என்று அவனுக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

“அவன் கம்பெனி நம்பர் உன்கிட்ட இருக்கும்ல? குடு.”

தம்பி மனைவி விருட்டென்று எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அண்ணி. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அங்க மட்டும் ஃபோன் பண்ணாதீங்க.”

“வெட்டும்போது வராத பயம் இப்ப வருதாக்கும்?”

அவள் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. அக்கா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தெருவில் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள்.

கெட்டி மடிப்பில் ஏறியபோது ஊசி படக்கென்று உடைந்தது. தம்பி மனைவி வேறு ஊசி மாட்டி நூல் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை. நூல் நாலு தடவை தவறியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். நாளெல்லாம் தைக்கிறவளுக்கு ஒரு நூல் கோக்க எதற்கு இத்தனை தடுமாற்றம்?

கேட்பதற்குள் கதவு திறந்தது.

தம்பி வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டான். மெஷினைப் பார்த்தான். அதன் மேல் பாதிப் பையாகக் கிடந்த நீலத் துணியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“இது... என் சட்டையா?”

அக்கா இடையில் போய் நின்றாள். “கோபப்படாதேடா. ஏதோ தெரியாம வெட்டிட்டா. இப்பவே போய் டெய்லர்கிட்ட அவசரமா ஒண்ணு...”

“தெரிஞ்சுதான் வெட்டினேன் அண்ணி” என்றாள் அவள். பிறகு கணவனைப் பார்த்து, “நீங்க போட்டிருக்கிறதையும் கழட்டிக் குடுங்க. பை வாருக்குத் துணி பத்தலை.”

“உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?” அக்கா கத்தியே விட்டாள்.

தம்பி கத்தவில்லை. சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருவது போல ஓரடி பின்வாங்கினான்.

“நாளைக்கு வேலைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டுப் போவேன்?” குரல் பாதியில் உடைந்தது.

“கேளுடா, நல்லாக் கேளு!” என்றாள் அக்கா.

தம்பி மனைவி எழுந்து வந்தாள். சட்டையைப் பிடித்திருந்த அவன் கைகளின் மேல் தன் கையை வைத்தாள்.

“அன்னைக்கு நூல் வாங்கப் போனப்பவே உங்களைப் பார்த்துட்டேன். வேலை போனதைச் சொல்ல உங்களுக்கும் வாய் வரலை, கேட்க எனக்கும் வாய் வரலை. போதுங்க. நாளையிலேருந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல பொழுது சாயுற வரைக்கும் தனியா உட்கார்ந்திருக்க வேண்டாம்... வீட்டுலயே என் பக்கத்துல உட்காருங்க.”