இறுகாத கொய்யா ஜாம்

மூன்றாவது முறையாக மருமகள் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்க்கிறாள். அது நிற்காமல் விளிம்பு வரை ஓடுகிறது. அடுப்பில் கொய்யாக் கூழ் கொப்பளித்துச் சுவரில் தெறிக்கிறது. கழுவித் துடைத்து வைத்த ஆறு பாட்டில்களிலும் ஜன்னல் வெயில். ஒவ்வொன்றிலும் 'எங்கள் வீட்டு ஜாம்' என்று என் கையால் எழுதிக் காலையிலேயே ஒட்டியாகிவிட்டது. நாலு மணிக்குச் சம்பந்தி வருகிறார். கரண்டியைக் கவிழ்த்தாலும் எங்கள் ஜாம் விழாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"நாலு செங்காய் சேர்த்திருந்தா இறுகியிருக்கும் மாமா. நீங்கதான் பொறுக்கி வெளியே வச்சிட்டீங்க."

"பழுக்காததைப் போட்டாங்கன்னு நம்ம வீட்டை யாரும் பேசக் கூடாதும்மா."

"இப்ப மட்டும் பேச மாட்டாங்களாக்கும்," என்கிறாள் என் மனைவி. "ஸ்பூன் வேணாம், டம்ளர் எடுத்து வைங்க."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேகமாகக் கிளறுகிறாள். நான் ஒதுக்கிய செங்காய்கள் கூடையில் அப்படியே கிடக்கின்றன. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். நான் பேனாவைத் திறந்து, ஒவ்வொரு பாட்டிலாக 'ஜாம்' என்பதை அடித்துவிட்டு, 'பழப்பாகு' என்று நிறுத்தி எழுதுகிறேன். நாலாவதில் இருக்கும்போது அழைப்பு மணி அடிக்கிறது.

"இன்னும் ரெண்டு இருக்கு. கதவை யாரும் திறக்காதீங்க."