முதுகு காட்டும் வண்டி

சவரிமுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலை எடுக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே லாரியின் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. எதிரியின் டாங்கி அவன் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

சரக்கு ஏற்றுகிற லாரிதான். சண்டைக்காக அதன் மேல் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பீரங்கியின் வாய் பின்பக்கம் பார்க்கும். அதனால் லாரி எதிரிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சுட்டதும் அப்படியே ஓடிவிட வேண்டும். வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும் என்று பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டார்கள். டிரைவருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் கிடக்கும் மணல் மட்டும்தான்.

அவர்கள் சுட்ட முதல் குண்டு குறி தவறிப் போயிருந்தது.

"லே சவரி!" பீரங்கியோடு ஒற்றை ஆளாக நின்ற ஹவில்தார் வேலப்பன் கத்தினார். "கிட்ட வந்துட்டாம்லே! குதிச்சு ஓடிருவமா?"

"இந்த வெட்டவெளியில எங்க ஓடுவீங்க அண்ணாச்சி? குருவி சுடுத மாதிரி சுட்டுருவான். நிதானமா குறி பாருங்க. அடிச்ச கையோட வண்டியில பறந்துருவோம்."

"வண்டி கெளம்பிரும்லா?"

"சத்தம் கேக்கலையா? மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரில்லா துடிச்சிக்கிட்டு நிக்கி!"

வேலப்பன் தன்னை மறந்து சிரித்துவிட்டார். இனி அவர் குறி தவறாது என்று சவரிமுத்து நம்பினான். இன்னும் அழுத்தி மிதித்தான்.

கியர் நியூட்ரலில் கிடந்தது. முதல் குண்டைச் சுட்டபோது பீரங்கி உதைத்த உதையில் லாரியின் பின் அச்சு முறிந்த சத்தம் அவனுக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.