தூண் மறைத்த சீட்

மூடிப்போன தியேட்டர்களின் வரலாற்றைத் தேடித் தேடி எழுதிக்கொண்டிருந்த கணவர், அன்று மனைவியை ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இதுதான் அந்தத் தியேட்டர்! சோப்பு அடுக்கியிருக்கே, அங்கேதான் திரை. நம்ம கல்யாணத்துக்கு முந்தின வருஷமே இழுத்து மூடிட்டாங்க. அந்த வருஷத்தை நாயா அலைஞ்சு கண்டுபிடிச்சேன்."

"பெரிய சாதனைதான்."

"இந்தத் தூணைப் பாரு. இதுக்குப் பின்னாடி உட்கார்ந்தா பாதிப் படம் மறைக்கும். ஆனாலும் நமக்கு அந்த சீட்தான். என் தோள்ல சாஞ்சு தேம்பித் தேம்பி அழுதியே, ஞாபகமிருக்கா?"

மனைவி தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"கல்யாணத்தன்னிக்குத்தான் நீங்க என்னை முதல்முதலா பார்த்தீங்க. அதுக்கு முந்தியே மூடின தியேட்டர்ல நான் எப்படிங்க அழுதிருப்பேன்?"

கணவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"அது... வந்து..."

"ரொம்ப வழியாதீங்க. அழுதது ஒரு ரெட்டைச் சடை. இடைவேளைக்கு லைட் போட்டதும் கர்சீப்பால மூஞ்சியை மூடிக்கிட்டீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தூண் கீழே இருக்கிறவங்களுக்குத்தான் மறைக்கும். பால்கனியிலிருந்து எல்லாமே தெரியும்."

"பால்கனியா? நீ யார்கூட வந்தே?"

மனைவி ஒரு சோப்பை எடுத்து வண்டியில் போட்டாள்.

"நீங்க தியேட்டர் வரலாறு மட்டும் எழுதுங்க."