ஆலைக்குள் ஒரு விருந்து

“அந்த வாசல் தூண்ல சாயாதீங்கம்மா, அதுல இருக்கிற துருவுக்குத்தான் இங்க மவுசே!” என்று பெருமையாகச் சொன்னார் பெண்ணின் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று விலகிக்கொண்டாள். போன வாரம் பெண் வீட்டுக்கு வந்து, கூடத்திலிருந்த பிளாஸ்டிக் பூக்களைப் பார்த்து முகம் சுளித்து, காபியைக்கூடத் தொடாமல் போனவள் அவள். “ரசனை கெட்ட குடும்பம்” என்று மகனிடம் சொன்னாளாம். பெண்ணோ, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

அதனால்தான் பெரியவர்களுக்கு மட்டும் இந்த மதிய விருந்து. மூடிக் கிடந்த ஆலையை உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். ஊரில் நாலு காசு பார்த்தவர்களெல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, பெண்ணின் அப்பா உடனே மேசை பதிவு செய்துவிட்டார். இன்று கோட்டை விட்டால் சம்பந்தம் அவ்வளவுதான்.

வாசலில் காவல்காரர் அவர்களுடைய வாடகைக் காரின் நீளத்தைப் பார்த்து சல்யூட் அடித்து, நாலு பேருக்கும் மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார். அழகு நிலையத்தில் தலையைச் சிங்காரித்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, “வித்தியாசமா இருக்கே!” என்று வாங்கி மாட்டிக்கொண்டபோதுதான் பெண்ணின் அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உள்ளே நீண்ட இரும்பு மேசைகள், சாய இடமில்லாத பெஞ்சுகள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“என்னங்க இந்தச் சத்தம்?” என்று காதைப் பொத்தினாள் பெண்ணின் அம்மா.

“அந்தக் காலத்து ஆலைச் சத்தத்தைப் பதிவு பண்ணிப் போடுறாங்க. மானத்தை வாங்காம உட்காரு.”

பரிமாறுகிறவர் வந்தார். நீல உடுப்பு முழுக்க எண்ணெய்க் கறை.

“தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நில்லுங்க. சாப்பிட்டு நீங்களே கழுவி வைக்கணும்,” என்றார் வெடுக்கென்று.

பெண்ணின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கைதட்டினாள். “எவ்ளோ தத்ரூபமா நடிக்கிறார்! அந்தக் கறையைப் பாருங்களேன், நிஜம் மாதிரியே இருக்கு!”

நீல உடுப்பு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்தது.

தட்டில் விழுந்தவை தண்ணீர் சூப், காய்ந்த ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு. வீட்டில் இதைப் போட்டிருந்தால் மாப்பிள்ளையின் அம்மா வாசலில்கூட நிற்காமல் போயிருப்பாள். இங்கே கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள்.

“உப்பே போடல. என்ன ஒரு துணிச்சல்!”

“எனக்கு இன்னும் பசி…” என்று ஆரம்பித்தார் அவள் கணவர்.

“உங்களுக்கு என்னைக்கு ரசனை இருந்துச்சு?”

அவர் மிச்ச ரொட்டியை மென்றார்.

திடீரென்று சங்கு ஊதியது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண்கலங்கிவிட்டது.

“இத்தனை பேரையும் நடிக்க உட்கார வெச்சிருக்காங்க! உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன். கல்யாண விருந்தை இங்கேயே வெச்சுக்கலாம், சம்பந்தி!”

சம்பந்தி! இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை பாடும். பெண்ணின் அப்பாவுக்கு மனசு நிறைந்துபோனது. மனைவி ஓரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது.

“சார், பழைய ஆலை உணவகத்துலேருந்து பேசறோம். உங்க மேசை இன்னும் காலியாவே இருக்கு. பக்கத்து கேட்டுக்குள்ள போயிட்டீங்களா? அது ஓடிக்கிட்டிருக்கிற ஃபேக்டரி சார். நிறையப் பேர் தெரியாம அவங்க கேன்டீன்ல போய் உட்கார்ந்துடுறாங்க.”

சம்பந்தியம்மாள் பரவசத்தோடு தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ராங் நம்பர்” என்று போனை அணைத்துவிட்டு, கல்யாணத்துக்குக் கேன்டீன் கிடைக்குமா என்று நீல உடுப்புக்காரரிடம் விசாரிக்கப் போனார் பெண்ணின் அப்பா.