பத்து நாள் தீனி

"டின்ல வர்ற வெட் ஃபுட்தான் எங்க பூனைக்கு உசுருங்க" என்றான் பாட்ரிக்.

"எத்தன நாளு ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பத்து நாளு."

"தெனம் டின்னத் தொறந்து வைக்க வீட்டுல ஆள் இருக்கா?"

பாட்ரிக் கொஞ்சம் தயங்கினான். "யாருமில்லீங்க."

"அப்ப ட்ரை ஃபுட்டே வாங்கிக்குங்க. வெட் ஃபுட்டு அரை நாள்ல நாறிடும். வாயில்லா ஜீவன், பட்டினி போட்டுடாதீங்க."

"சேச்சே, அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

தலத்தெரு வீட்டுக்கு வந்ததும் நான்கு தட்டுகளில் தீனியைக் கொட்டினான். வாளி நிறையத் தண்ணீர் வைத்தான். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

அம்மா உயிரோடிருப்பதற்கான சான்றிதழை முத்திரை வாங்கி, காலையிலேயே பிரான்சுக்கு அனுப்பியாயிற்று. அங்கிருந்து அம்மாவுக்கு வரும் பென்ஷன் நிற்காது. இனி ஒரு வருடத்துக்கு அவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பெட்டியோடு வெளியே வந்து கதவைப் பூட்டினான்.

உள்ளறைக் கட்டிலில் எழ முடியாமல் கிடந்த அம்மா ஆர்லெத்தின் குரல் மெல்லக் கேட்டது.

"பாட்ரிக்... பூனைக்கு வச்சிட்ட. எனக்குப்பா?"

பாட்ரிக் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.