கொள்ளிக்கண்

"மாப்பிள்ளை, நீங்க அடுக்களைக்குப் போயிடுங்க. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது" என்றார் புத்ரோஸ்.

"மச்சான், இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன். கடைசி ஆட்டம். ஓரமா நின்னு பார்த்துக்கறேன்" என்று கெஞ்சினார் நகூலா.

"ஓரமா நின்னா மட்டும் கண்ணு வேலை செய்யாதாண்ணே?" என்று கடைக்குத் தினமும் வரும் இளவட்டம் தனியூஸ் கேட்க, காபிக்கடை முழுக்கச் சிரித்தது.

நகூலா வெளியூர்க்காரர். புத்ரோஸின் தங்கை வர்தேயைக் கட்டிக்கொண்டு, பெய்ரூத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்த நாளிலிருந்து மச்சானின் காபிக்கடைதான் அவருக்கு எல்லாம். அந்தப் பேட்டையின் கூடைப்பந்து அணி நஹ்ர். அதன் சிவப்புச் சட்டை இல்லாத ஆளுக்கு அந்தத் தெருவில் யாரும் நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். நகூலாவும் வாங்கிப் போட்டிருந்தார்.

ஒரே குறை, அவர் பார்த்தால் நஹ்ர் தோற்றுவிடும்.

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அவர் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, உதட்டுக்குள் ஜெபம் முணுமுணுத்தபடி இமைக்காமல் பார்த்தார். நஹ்ர் வரிசையாகத் தோற்றது. இருபது புள்ளி முன்னிலையில் இருந்த ஆட்டம்கூடக் கைநழுவியது. "அடேயப்பா, என்னமா குதிக்கறான்!" என்று அவர் வாய்பிளந்த அடுத்த நிமிடமே நஹ்ரின் அமெரிக்க ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் பிசகியது. பயிற்சியாளரை மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. ஒரு நாள் நகூலா காய்ச்சலில் படுத்தார். நஹ்ர் ஜெயித்தது. பேட்டைக்குக் காரணம் புரிந்துவிட்டது.

அதற்காக யாரும் அவரை வெறுக்கவில்லை. தோற்ற நாளிலெல்லாம் அவர்தான் இனிப்புக்கடைக்கு ஓடி ஒரு தட்டு குனாஃபா வாங்கி வருவார். "மனசு கசந்து கிடக்கு, வாயாவது இனிக்கட்டும்" என்று ஊட்டிவிடாத குறையாகக் கொடுப்பார். அப்படிப்பட்ட தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒரு கண்ணா என்பதுதான் எல்லோருக்கும் வருத்தம்.

அதிலிருந்து ஆட்டம் தொடங்கினால் நகூலா அடுக்களையில். ஹூக்காவுக்குக் கரி ஊதுவார், காபி கொதிக்க வைப்பார். அவருடைய போனைப் புத்ரோஸ் கல்லாவில் போட்டுப் பூட்டிவிடுவார். நஹ்ர் தட்டுத்தடுமாறி பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. காலிறுதியில் முதலிடத்து அணியைக் கவிழ்த்தது, அரையிறுதியையும் தாண்டியது. ஏழு ஆட்ட இறுதிச்சுற்றில் இப்போது நஹ்ருக்கும் ஜபல் அணிக்கும் ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டம் ஜபலின் அரங்கில். அங்கே எதிரணி ரசிகர்களை உள்ளே விடுவதில்லை என்பதால் பேட்டையே காபிக்கடையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.

"எத்தனை வருஷக் கனவு தெரியுமா மச்சான்? கோப்பையைத் தூக்கறதை ஒரு தடவையாவது கண்ணால பார்க்கணும்" என்றபோது நகூலாவின் குரல் உடைந்தது.

"அந்தக் கண்ணாலதான் வேணாங்கறோம்" என்று அவரை உள்ளே தள்ளி, திரையை இழுத்துவிட்டார் புத்ரோஸ்.

ஆட்டம் ஓடியது. இடைவேளையில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யார் முன்னால இருக்காங்க?"

"நாமதான் மாப்பிள்ளை! ஒன்பது புள்ளி!"

உள்ளே காபி பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

"பாவம், சந்தோஷத்துல அண்ணனுக்குக் கை ஓடலை" என்றான் தனியூஸ்.

அதன்பிறகு ஜபல் விரட்டிப் பிடித்தது. நஹ்ர் ஒரே ஒரு புள்ளி முன்னிலை, இரண்டு விநாடிதான் பாக்கி என்கிற நேரத்தில் நஹ்ர் ஆட்டக்காரன் ஒருவன் ஜபல் கேப்டனின் கையைத் தட்டிவிட்டான். விசில். ஜபலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இரண்டும் விழுந்தால் கோப்பை அவர்களுக்கு.

"அண்ணனைக் கூட்டிட்டு வாங்கடா!" என்று திடீரென்று கத்தினான் தனியூஸ்.

"உனக்குப் பைத்தியமா?"

"நம்ம ஆளைப் பார்த்தா நமக்குத்தானே நாசம்? இப்ப பந்து அவன் கையில இருக்கு. அண்ணன் அவனை மட்டும் பார்க்கட்டும்!"

ஒரு கணம் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அடுத்த கணம் நகூலாவை, கையில் கரி இடுக்கியோடு, அப்படியே தூக்கி வந்து டிவியின் முன்னால் நிறுத்தினார்கள்.

"அவனை மட்டும் பாருங்க மாப்பிள்ளை! நல்லா பாருங்க!"

இடுக்கி கீழே விழுந்தது. நகூலா கைகளைக் கோத்துக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. இமைக்காமல் பார்த்தார்.

முதல் பந்து வளையத்தில் இடித்து வெளியே தெறித்தது.

"விடாதீங்கண்ணே! இன்னும் ஒண்ணு!"

நகூலாவின் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போவதுபோல் போக்குக் காட்டி, வெளியே வந்து நஹ்ர் ஆட்டக்காரன் கையில் விழுந்தது.

நஹ்ர் சாம்பியன்! தெருவில் வாணம் வெடித்தது, கார்கள் ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டின. நகூலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவர் தேம்பித் தேம்பி அழுதார், அதைப் பார்த்துப் புத்ரோஸும் அழுதார். "இனிமே உங்களுக்கு முன்வரிசை நாற்காலி மாப்பிள்ளை! எதிராளி கையில பந்து போறப்பல்லாம் கூப்பிடறேன்!" என்று தன் கையாலேயே குனாஃபா ஊட்டினார். நகூலாவுக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை.

வீட்டில் வர்தே அவர் முகத்தைப் பார்த்தாள். கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்தினாள்.

"மெதுவா அழுங்க. அண்ணன் காதுல விழுந்துடப் போகுது."

நகூலா கட்டிலில் உட்கார்ந்து சிவப்புச் சட்டையைக் கழற்றினார். உள்ளே, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஜபலின் நீலச் சட்டை.

"எங்க ஊர்ப் பிள்ளை வர்தே... ரெண்டும் உள்ள விழணும்னு உசிரைக் கொடுத்து வேண்டிக்கிட்டுத்தான் பார்த்தேன்" என்று விசும்பினார். "அவங்க சொன்னது நிஜம்தான். இது கொள்ளிக்கண்ணேதான்!"