பரணிலிருந்து இறக்கிய பெட்டி

தளபதி லூரென்ஸ் டெர்பிளான்ச் காலையிலிருந்து நாலாவது தடவையாகத் தொப்பியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

பிரிட்டோரியாவில் நாட்டுத் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. போட்டிக்கு இருந்தவன் பாரெண்ட் ஒருவன்தான். மதியம் ஊர்ப் பெரியவர்கள் வருவதாகச் செய்தி. தேர்தலில் நிற்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். இரண்டு முறை மறுத்துவிட்டு, மூன்றாம் முறை, கடவுள் சித்தம் என்று பெருமூச்சு விட வேண்டும். பெருமூச்சைக்கூடப் பழகி வைத்திருந்தார்.

அவர்கள் கூப்பிடும்வரை வெளியே போகக்கூடாது. பதவிக்கு அலைகிறவன் என்று பேசுவார்கள். நாற்பது வருஷமாக அலைந்தது என்னவோ உண்மைதான்.

அன்றைக்கென்று பார்த்து அவர் மனைவி ஹெஸ்டர் சவப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, வாசலில் இரண்டு நாற்காலிமேல் வைத்திருந்தாள். அந்த நாட்டில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அறுபதைத் தொட்டவன் தன் அளவுக்கு ஒன்று செய்து வைத்துக்கொள்வான். அவன் படுக்கும்வரை அதில் பீச் பழ வற்றல் கிடக்கும். வற்றலில் புழு வைத்துவிட்டதாம்.

மதியம் பெரியவர்களின் பன்னிரண்டு குதிரைகள் வேலியோரம் வந்து நின்றன. விருந்தாளிகளுக்காக உடுத்திய கறுப்பு உடையோடு ஹெஸ்டர் நடந்து போனாள்.

"எப்பம்மா?" என்றான் ஒருவன், பெட்டியைப் பார்த்தபடி.

"காலையிலதான் இறக்கினோம்."

தொப்பிகள் கழன்றன. பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு சுருதியில் பைபிள் சங்கீதம் ஒன்றைப் பாடினார்கள். ஒருவன் நிம்மதியாக மூச்சு விட்டதை அவள் கவனித்தாள்.

உள்ளே தளபதிக்குப் புல்லரித்தது. நாற்காலியில் உட்காரும் முன்பே பாட்டா! அடக்கமாக நின்று எல்லாச் சரணமும் கேட்டார். பாட்டு நின்றது, யாரும் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் வாசலுக்கு வந்தபோது புழுதிதான் மிச்சம்.

பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். விஷயம் புரிந்துபோயிற்று.

"அடிப்பாவி! உயிரோட இருக்கிறவனைப் பொணமாக்கி அனுப்பிட்டியேடி! இனி அந்தக் கழுதை பாரெண்ட்தான் தலைவன்!"

"என் புத்திதான் கெட்டுப்போச்சுங்க."

குதிரையில் துரத்தலாம்தான். ஆனால் செத்தவன் பதவி கேட்டு வந்தான் என்று நாடே சிரிக்கும். ஆகவே வீட்டிலேயே நின்று திட்டினார். பெண்டாட்டியால்தான் தலைவராகவில்லை என்று இனி சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிவார். சொல்லட்டும், பாவம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவரைப் பார்த்து முழிக்கப்போகிற பன்னிரண்டு பேரும் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார்கள்.

தளபதிக்கு பைபிளின் அச்செழுத்துதான் வாசிக்க வரும். கையெழுத்துக் கடிதமென்றால் ஹெஸ்டர்தான். நேற்று வந்த கடிதத்தில் கடைசி வரியை மட்டும் அவள் வாசித்துக் காட்டினாள்: நாளை மதியம் நேரில் வருகிறோம்.

பாரெண்டை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, தளபதி எங்களை மன்னிக்க வேண்டும் என்பது அதற்கு மேல்வரி.